இரண்டாம் ஞாயிறு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன மே மாதம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது என் மகளின் மடியில் ஈரம் காயாத மண் கிண்ணம் ஒன்று இருந்தது. 8 வயதுப் பிள்ளை. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்து எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவள் மறுபக்கம் சாய்ந்து கிண்ணத்தை நேராகப் பிடித்துக்கொண்டே வந்தாள். அடிவாரம் வந்ததும் "அம்மா, ஒரு கீறல்கூட இல்ல" என்றாள். வீட்டில் ஜன்னல் திட்டில் வைத்து ஒரு வாரம் காயவிட்டோம். எட்டாம் நாள் காலையில் குருவிக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று அதில் நிறைய ஊற்றிவிட்டு விளையாடப் போனாள். சாயங்காலம் பார்த்தால் திட்டெல்லாம் சேறு. கிண்ணம் இருந்த இடமே தெரியவில்லை. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

சுடாத மண் தண்ணீரில் கரைந்துவிடும். பானை செய்கிற வீட்டில் பிறந்த குழந்தைக்கு இது பேசப் பழகும்போதே தெரிந்திருக்கும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஏற்காட்டில் ஒரு விடுதியில் தலைக்கு 400 ரூபாய் வாங்கிக்கொண்டு நடத்திய வகுப்பு அது. சக்கரம் ஒன்று, வந்தவர்கள் 12 பேர், நேரம் ஒன்றரை மணி. ஆளுக்கு ஏழரை நிமிடம். மகளின் கைமேல் சொல்லிக்கொடுப்பவரின் கை இருந்தது. கிண்ணத்தை எழுப்பியது அந்தக் கைதான். போட்டோ எடுத்தோம், அடுத்த ஆள் உட்கார்ந்தார்.

சொல்லிக்கொடுத்தவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கை கழுவும் இடத்தில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். காலை ஒரு வகுப்பு, மாலை ஒரு வகுப்பு, இரண்டுக்கும் சேர்த்து அவருக்கு 700 ரூபாய், பேருந்துச் செலவு அவருடையது. 12 பேர், 400 ரூபாய், இரண்டு வகுப்பு என்று பெருக்கினால் 9,600 வருகிறது. நான் சேலம் லீ பஜார் பக்கம் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். எங்கே போனாலும் மனசு இப்படிப் பெருக்கிப் பார்த்துவிடும்.

இரண்டு வருடமாக நாங்கள் ஐந்து பேரும், அதாவது நான், என் கணவர், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன், மகள், என் மாமியார், கைவேலை கற்றுத்தரும் வகுப்புகள் எங்கே நடந்தாலும் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சேலத்தில் பட்டறை என்றால் வெள்ளிப் பட்டறை, லேத் பட்டறை என்றுதான் அர்த்தம். அதனால் இந்த வகுப்புகளை எல்லோரும் ஒர்க்‌ஷாப் என்றே சொல்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன். எங்கள் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்லி, ஊரிடம் சில விஷயங்கள் கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போனது ரெசின் ஒர்க்‌ஷாப். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு திரவத்தைக் கலந்து அச்சில் ஊற்றி, உள்ளே காய்ந்த பூவைப் போட்டு, சாவிக்கொத்து என்று எடுத்து வந்தோம். ஆனால் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் திரவம் இறுகும்வரை தோலில் படக் கூடாது. சிலருக்கு ஒவ்வாமை வந்தால் அது பிறகு தொடர்ந்து வரும். கையுறை வேண்டும், காற்றோட்டம் வேண்டும். நாங்கள் போனது ஏசி போட்டு மூடிய அறை. குழந்தைகள் வெறும் கையோடு இருந்தார்கள். என் மகனுக்கு இரண்டு மணி நேரம் தலைவலி.

அடுத்தது பனை ஓலை. இதைப் பற்றித்தான் நான் நிறைய எழுத ஆசைப்படுகிறேன்.

ஒரு பள்ளிக்கூட வராந்தாவில், சனிக்கிழமை மதியம். கற்றுத்தந்தவர் 60 வயதைத் தாண்டிய அம்மா. ஈரத் துணியில் சுற்றிக் குருத்தோலை கொண்டுவந்திருந்தார். ஆளுக்கு 150 ரூபாய், ஓலை அதில் அடக்கம். முதல் அரைமணி நேரம் எதுவும் செய்யவிடவில்லை. ஓலையைக் கையில் கொடுத்து, மடக்கிப் பார், எந்தப் பக்கம் மடங்குகிறது, எந்தப் பக்கம் ஒடிகிறது என்று பார்க்கச் சொன்னார். பிறகு நடு ஈர்க்கைப் பிரித்தெடுக்கச் சொன்னார். ஈர்க்கைக் கிழிக்கும்போது விரலை எங்கே வைத்தால் வெட்டாது என்று ஒவ்வொருவர் விரலையும் பிடித்து வைத்துக் காட்டினார். அதன்பின் காத்தாடி. என் மகள் பத்து நிமிடத்தில் செய்துவிட்டாள். வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினாள், அது சுற்றியது. காத்தாடி மட்டும் போதும் என்றவர்கள் அத்துடன் கிளம்பினார்கள், அவர்களையும் சந்தோஷமாகவே அனுப்பினார்.

மிச்சம் இருந்த நாங்கள் ஆறேழு பேர் கொட்டான், அதாவது சின்ன ஓலைப் பெட்டி, பின்ன ஆரம்பித்தோம். அடிப்பாகம் பின்னுவது ஒரு மாதிரி வந்துவிடும். மூலையில் ஓலையை நிமிர்த்தி மேலே திருப்பும்போதுதான் எல்லாம் தளரும். நான் தளரவிட்டேன். அந்த அம்மா வாங்கிச் சரிசெய்து தருவார் என்று நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "பிரி" என்றார். பிரித்தேன். மறுபடி தளர்ந்தது. "பிரி." மூன்றாவது முறை மூலை நின்றது. என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் ஒரு வேலையை அவ்வளவு நம்பி விட்டதில்லை.

ஐந்து மணிக்கு எழுந்திருக்கும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மூடி இன்னைக்கு வராது. அடுத்த சனிக்கிழமை இதே ஆளுங்க வாங்க, மூடி போடலாம்." நாங்கள் போனோம். மூடி கொட்டானைவிட ஒரு துளி பெரிதாக இருக்க வேண்டும், ஆனால் ஒரே அகல ஓலையில் பின்ன வேண்டும். அதனால் பின்னலை எவ்வளவு இறுக்கமாக இழுக்கிறோம் என்பதில்தான் அளவு இருக்கிறது. முதல் வாரம் இதைச் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்காது. ஒரு வாரம் அந்தக் கொட்டானை வீட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தேன், அதனால் புரிந்தது. இன்றைக்கும் என் மாமியார் அதில்தான் வெற்றிலை பாக்கு வைத்திருக்கிறார்.

இந்த இரண்டாவது சனிக்கிழமைதான் இந்தக் கடிதத்தின் விஷயமே. நாங்கள் போன மற்ற எல்லா ஒர்க்‌ஷாப்பும் முதல் நாளோடு முடிந்துபோனவை. அடுத்த மாதமும் அதே முதல் நாள், வேறு ஆட்களுக்கு. திரும்பிப் போனாலும் மறுபடி அதே சாவிக்கொத்து, அதே கிண்ணம்.

தறியையும் சொல்லிவிடுகிறேன். தை மாதப் பொங்கல் விடுமுறையில் அம்மாப்பேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போனோம். இது ஒர்க்‌ஷாப் இல்லை, என் மாமியாருக்குத் தெரிந்த குடும்பம். மழைக்காலத்தில் வேண்டாம், தறிக் குழியில் ஈரம் ஏறும், நூலும் ஒட்டும், தையில் வாருங்கள் என்று அவர்கள்தான் சொன்னார்கள். குழித்தறியில் பட்டுச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. அதில் எங்களை உட்கார வைக்க முடியாது என்று அவர் தயக்கத்தோடு சொன்னார். எனக்குப் புரிந்தது. இழை அறுந்தால், குறுக்கே ஓடும் ஊடை நூல் தவறினால், பின்னால் அவர்தான் பிரித்து நெய்ய வேண்டும், கூலி அவருடையது. பக்கத்தில் ஓடாமல் கிடந்த தறியில் மிச்சமிருந்த பருத்திப் பாவை, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகளை, முடிந்து சேர்த்து எங்களுக்காகத் தயார் செய்திருந்தார். இரண்டு நாள் வேலை அது. அதற்காகக் கொடுத்த பணத்தை அவர் வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

என் மகன் குழியில் இறங்கி உட்கார்ந்தான். ஒரு மிதியை மிதித்தால் பாவில் பாதி இழை மேலே, பாதி கீழே போகும். நடுவில் திறக்கும் வழியில் வலது கை கயிற்றை இழுத்தால், ஊடை நூலைச் சுமக்கும் நாடா ஓடும். இடது கை அச்சுப் பலகையை இழுத்து அடிக்கும். காலை மாற்று, இழு, அடி. கேட்க எளிது. அவனுக்குக் கால் முந்தினால் கை பிந்தியது. நாடா இரண்டு முறை பறந்து வெளியே விழுந்தது. ஒரு மணி நேரத்தில் நான்கு விரற்கடை நெய்தான். அதிலும் ஊடையை இழுத்து இழுத்து விட்டதால் துணியின் அகலம் உள்வாங்கிக்கொண்டே போனது. நெசவாளர் அந்தக் கரையில் விரலை வைத்து "இங்க பாரு கண்ணு, நீ அவசரப்பட்ட இடமெல்லாம் துணி சொல்லுது" என்றார். வீட்டுக்கு வந்தபின் அவனாகவே தேடிப் படித்து, கயிற்றை இழுத்து நாடாவை ஓடவிடும் இந்த அமைப்பை 1733-ல் ஜான் கே என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்தார், அதற்கு முன் நாடாவைக் கையால் எறிந்து கையால் பிடித்தார்கள் என்று என்னிடம் சொன்னான். பள்ளிப் பாடத்தில் தொழிற்புரட்சி அவனுக்கு மனப்பாடப் பகுதி. அன்று அது அவன் முதுகு வலியோடு சேர்ந்து நின்றது.

என் மாமியார் ஒன்பது வயதில் தார் சுற்ற, அதாவது நாடாவுக்குள் வைக்கும் சிறு குழலில் ஊடை நூல் சுற்ற, ஆரம்பித்தவர். கல்யாணமாகி வந்தபின் தறி இல்லை. 50 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் ராட்டை முன்னால் போய் உட்கார்ந்தார். அந்த வீட்டம்மா "நீங்க எதுக்குங்க, விடுங்க" என்றார். ஒரு நிமிடம் கழித்து அவரே பேசாமல் நின்று பார்த்தார். தாரில் நூல் ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தது. அறுந்த இழையை அத்தை ஒரு கையால் முடிந்தார், முடிச்சு எங்கே என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. பேரனைக் கூப்பிட்டு, "நுனியை எச்சில் தொட்டு உருட்டு சாமி, அப்புறம் போடு" என்று சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் தக்ளி என்ற கைக்கதிரில் நூல் நூற்கும் வகுப்பு இருந்ததையும் அன்றுதான் சொன்னார். எனக்குக் கல்யாணமாகி 17 வருடம். இது எதுவும் எனக்குத் தெரியாது.

வெள்ளி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொலுசுக்கு இவ்வளவு பேர் பெற்ற ஊரில் குழந்தைக்கு ஒரு வளையம் கோக்கச் சொல்லித்தர இடம் இல்லை. நெருப்பு, அமிலம் எல்லாம் இருக்கும் பட்டறைக்குள் பிள்ளைகளை விட முடியாது, அது நியாயம். ஆனால் செப்புக் கம்பியும் குறடும் கொடுத்தால் வளையத்தோடு வளையம் மாட்டுவதை 8 வயதுப் பிள்ளை செய்யும். எங்கள் தெருவில் கொலுசு வேலை செய்யும் அக்கா ஒருவர் என் மகளுக்கு அதைக் காட்டினார். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி மினுக்கவும் காட்டினார். அரை மணி நேரம்தான், காசும் வாங்கவில்லை.

சரி, மண்ணுக்கு வருகிறேன். கிண்ணம் கரைந்த மறு வாரமே நான் தேட ஆரம்பித்துவிட்டேன். ஆத்தூர் சாலையில் ஒரு கிராமம். பேரைச் சொல்லாமல் விடுகிறேன், ஆட்கள் கும்பலாகப் போய் நின்றால் அவர் பிழைப்பு கெடும். பானை, சட்டி, அகல் செய்யும் பெரியவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரலாமா என்று கேட்டேன். ஆடி முடியட்டும் என்றார். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கும் சுற்றுப்பட்டு ஊர்ப் பண்டிகைகளுக்கும் தீச்சட்டி வேலை தலைக்கு மேல் இருந்தது. ஆவணியில் போனேன். மொத்தம் 11 ஞாயிறு.

முதல் இரண்டு ஞாயிறு சக்கரத்தைத் தொடவில்லை. காய்ந்த ஏரி மண்ணை உடைத்து, சலித்து, ஊறவைத்து, மணல் கலந்து, காலால் மிதித்தோம். ஏன் கையால் பிசையக் கூடாது என்றேன். மிதிக்கும்போது சின்னக் கல்லும் காலுக்குத் தட்டுப்படும், எடுத்துப் போடலாம் என்றார். மணல் எதற்கு என்றால், வெறும் களிமண் காயும்போது அதிகமாகச் சுருங்கி விரியல் விடும். சுடும்போது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழி வேண்டும். ஏற்காட்டில் எங்களுக்குப் பிசைந்த மண் உருண்டையாகத் தட்டில் வந்தது. பாதி வித்தை அந்த உருண்டைக்குள் முடிந்துபோயிருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

மூன்றாம் ஞாயிறு சக்கரம். மண் நடுவில் நிற்க வேண்டும். ஆடாமல் நிற்கும்வரை விரலை உள்ளே விடக் கூடாது. எனக்கு அது ஐந்தாம் ஞாயிறு நின்றது. அதுவரை சுற்றும் மண்ணை அழுத்திப் பிடித்து, அது என் கையை ஆட்ட, நான் அதை ஆட்ட, தோள்பட்டை வலியோடு வீடு திரும்பினேன். நின்ற அந்தக் கணத்தில் சக்கரம் சுற்றுவதே தெரியவில்லை. மண் அசையாமல் இருப்பது போலிருந்தது. பெரியவர் வெளியே விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். கூப்பிடக்கூட நான் கையை எடுக்கவில்லை.

அப்புறம்தான் எனக்கு இரண்டாம் நாள் என்றால் என்ன என்று புரிந்தது. நம் ஊர்ப் பானை சக்கரத்தில் முழுசாக உருவாவதில்லை. கழுத்தும் விளிம்பும் உடம்பும் சக்கரத்தில் எழும். அடிப்பாகம் திறந்தே இருக்கும். நூலால் அறுத்தெடுத்துப் பாதி காயவிட வேண்டும். மறுநாள், ரொம்ப ஈரமும் இல்லாமல் ரொம்பக் காய்ச்சலும் இல்லாமல் இருக்கும் பதத்தில், உள்ளே ஒரு உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரத் தட்டால் தட்டித் தட்டி அடியை மூட வேண்டும். அந்தப் பதம் தவறினால் தட்டும்போது ஒட்டும், இல்லை வெடிக்கும். அதாவது ஒன்றரை மணி நேரத்தில் யாராலும் பானை செய்ய முடியாது, 40 வருடமாகச் செய்கிற அந்தப் பெரியவராலும் முடியாது. எனக்காக அவர் சனிக்கிழமை மாலை செய்ததை ஞாயிறுவரை சாக்கில் மூடி வைத்திருந்தார்.

மூடியின் கதை இங்கேயும் வந்தது. காய்ந்து, சுட்டு முடிவதற்குள் மண் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடுகிறது. அதனால் சட்டியையும் மூடியையும் ஒரே மண்ணில், ஒரே நாளில் செய்ய வேண்டும். சட்டி காய்ந்தபின் அளவெடுத்து மூடி செய்தால் பொருந்தவே பொருந்தாது. பனை ஓலை அம்மாவும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். இருவருமே மூடியை வைத்துத்தான் ஆளை எடை போடுகிறார்கள்.

பத்தாம் ஞாயிறு சூளை. அடியில் விறகு, மேலே சட்டிகள், அகல்கள், அதன்மேல் வைக்கோல், அதன்மேல் சேறு பூசி மூடினோம். முதலில் மெல்லிய தீ. எடுத்ததும் தீயை ஏற்றினால் மிச்ச ஈரம் ஆவியாகிப் பாண்டத்தை வெடிக்க வைக்கும். சூடு சுமார் 600 டிகிரியைத் தாண்டும்போது களிமண்ணுக்குள் பிணைந்திருக்கும் நீரே பிரிந்து போகிறது. அதன்பின் அது மறுபடி சேறாகாது. அடுத்த ஞாயிறு பிரித்தோம். நான் செய்த 9 அகலில் 8 பிழைத்தன. தடித்திருந்த ஒன்று வெடித்திருந்தது. ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்கச் சொன்னார். கணீர் என்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் எங்கோ விரியல் இருக்கிறது. இரண்டு ஞாயிறு என்னோடு வந்த என் மகளும் ஒரு கிண்ணம் செய்து அந்தச் சூளையில் வைத்திருந்தாள். விளிம்பு கோணல்தான், ஆனால் அதன்மேல் வேறு யார் கையும் பட்டதில்லை. இப்போது அது ஜன்னல் திட்டில் தண்ணீரோடு இருக்கிறது. கொஞ்சம் கசிகிறது, பானைத் தண்ணீரைக் குளிரவைப்பதும் இந்தக் கசிவுதான் என்று அவள் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறாள்.

இனி என் வேண்டுகோள்.

குடும்பமாக வருகிறவர்களுக்கும், ஒரு கைவேலையில் மனசைக் கொடுத்தவர்களுக்கும் வேண்டியது ஒன்றல்ல. என் கணவருக்கும் மகனுக்கும் 11 ஞாயிறு வேண்டாம். கடை, படிப்பு என்று அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது, அது சரிதான். அவர்களுக்கு இரண்டு நாள் போதும்: ஒரு நாள் செய்ய, ஒரு நாள் முடிக்க. என்னைப் போன்றவர்களுக்குத் தொடர்ச்சியாகப் பத்து வாரம் வேண்டும், "பிரி" என்று சொல்ல ஒருவர் வேண்டும். இப்போது நடக்கும் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு தரப்பையும் ஒரே ஒன்றரை மணி நேரத்தில் உட்கார வைக்கிறார்கள். குழந்தைக்கு முடிவு தெரிவதில்லை, பெரியவர்களுக்கு ஆரம்பமே தெரிவதில்லை.

பிழைப்புக்காகத் தொழில் செய்கிறவர்களுக்கு அரசுத் திட்டங்கள் உண்டு. கலைஞர் கைவினைத் திட்டத்தில் கடனும் மானியமும் தருகிறார்கள். அது அவர்களுக்கே போய்ச் சேர வேண்டும், அதில் எங்களைப் போன்றவர்கள் பங்கு கேட்கக் கூடாது. நாங்கள் கட்டணம் கொடுத்துக் கற்றுக்கொள்ளத் தயார். கற்கத் தனியாக ஒரு தறி, ஒரு சக்கரம், ஒரு கூரை, அதைத்தான் கேட்கிறோம். ஓடுகிற தறியில் கற்றுக்கொள்ளப் போனால் நெசவாளருக்கு நஷ்டம் என்று கண்ணால் பார்த்துவிட்டேன்.

நம் ஊரில் 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கே மூன்று வருட டிப்ளமோ படிக்கலாம். வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊரில், அந்த வளாகத்தில் மாதம் ஒரு ஞாயிறு இரண்டே இரண்டு தறிகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! சேலத்தில் பாவு, ஊடை என்ற வார்த்தை தெரியாமல் வளரும் பிள்ளைகள் இப்போது நிறைய. ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். அன்று தொடங்கலாம். சொல்லிக்கொடுக்க அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி நெசவாளர்களையே அழைத்து, ஒரு நாள் நெசவுக் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும்.

ஏற்காடு கோடை விழாவை நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. மலையில் பனிமூட்டத்தில் மண் காய நாளாகும். ஆகவே அங்கே குழந்தைகள் செய்ததைப் பேர் எழுதி வாங்கிக்கொண்டு, கீழே கொண்டுவந்து காயவைத்துச் சுட்டு, இரண்டு வாரம் கழித்துச் சேலத்தில் ஒரு இடத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். பேருந்தில் ஈர மண்ணை மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. தன் அகல் சூளையில் பிழைத்ததா என்று அந்த இரண்டு வாரமும் பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காத்திருப்பும் மண்வேலையின் பகுதிதான்.

ஒர்க்‌ஷாப் நடத்துகிறவர்கள் விளம்பரத்தில் நான்கு விஷயம் மட்டும் சொன்னால் போதும். ஒரு சக்கரத்துக்கு, ஒரு தறிக்கு எத்தனை பேர். செய்ததைச் சுட்டுத் தருவார்களா. இதே ஆட்கள் மறுபடி வந்து முடிக்க ஒரு நாள் உண்டா. கட்டணத்தில் சொல்லிக்கொடுப்பவருக்கு எவ்வளவு. கடைசியில் சொன்னதை யாரும் போட மாட்டார்கள் என்று என் கணவர் சொல்கிறார். போடுகிறவர்களிடம் நாங்கள் போவோம். இதைப் படிக்கும் மற்ற குடும்பங்களும் கேட்டுவிட்டுப் போனால் போடுவார்கள்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு கோரிக்கை. இன்றைய நிகழ்ச்சிகள் பகுதியில் சொற்பொழிவு, கும்பாபிஷேகம், இலவச மருத்துவ முகாம் எல்லாம் போடுகிறீர்கள். அதற்குக் கீழே நான்கு வரி இடம் கொடுங்கள். பனை ஓலை அம்மாவைப் போன்றவர்களுக்கு விளம்பரம் கொடுக்கக் காசு இல்லை. அவர் அந்தப் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்தது அன்று தெருவில் இருந்த 15 பேருக்குத்தான் தெரியும்.

கடைசியாக, கேட்பதோடு நிறுத்தாமல் என்னால் ஆனதையும் சொல்கிறேன். பொன்னம்மாபேட்டையில் எங்கள் வீட்டின் பின்புறம் 12-க்கு 15 அடியில் ஓடு வேய்ந்த கொட்டகை இருக்கிறது. கணவரின் கடைச் சரக்கு வைத்திருந்த இடம், இப்போது காலி செய்துவிட்டோம். தண்ணீர்க் குழாய் உண்டு, மண் கொட்ட இடம் உண்டு. சக்கரம் ஒன்று வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், சித்திரைக்குள் வந்துவிடும். பெரியவர் மாதம் இரண்டு ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய ஒரு நாள் வருமானத்தை வருகிறவர்கள் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். ஆறு பேருக்கு மேல் சேர்க்க முடியாது. என் தொலைபேசி எண்ணை உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். முதல் இரண்டு ஞாயிறு மண் மிதிப்பதுதான் வேலை என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
பொன்னம்மாபேட்டை, சேலம்.